கோடியக்கரைக் காட்டில் வலசைப் பறவைகள்: முதல்முறை போகிறவர்களுக்கு

கோடியக்கரைக்குப் பறவை பார்க்கப் போகிறேன் என்று யாரிடம் சொன்னாலும், "பூநாரை (ஃபிளமிங்கோ) வந்தாச்சா?" என்றுதான் கேட்பார்கள். பூநாரை வரும், ஆயிரக்கணக்கில் வரும். ஆனால் கையில் ஒரு சாதாரண பைனாகுலரோடு முதல்முறை போகிறவர் நேராகச் சதுப்புக்குப் போனால், தூரத்தில் கானல் நெளிய ஓர் இளஞ்சிவப்புக் கோட்டைப் பார்த்துவிட்டு வருவார். அதே ஊரில் சாலையை ஒட்டியே ஒரு காடு இருக்கிறது. வண்டிகள் எல்லாம் அதைத் தாண்டித்தான் சதுப்புக்கு ஓடுகின்றன. புதியவர்கள் தொடங்கவேண்டிய இடம் அந்தக் காடு என்பது என் கட்சி. சதுப்பைப் பற்றிக் கடைசியில் சுருக்கமாகச் சொல்கிறேன்.

இது வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு. உலக்கைப்பாலைதான் இங்கே முதல் மரம். கூடவே நாவல், வீரை, காசான், ஓரங்களில் உகாய், முள் புதர்கள். கடற்காற்று அறைந்துகொண்டே இருப்பதால் மரங்கள் ஓங்கி வளர்வதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் கழுத்து ஒடிய அண்ணாந்து பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். இங்கே பாதிப் பறவைகள் கண்மட்டத்திலேயே உலாவும்.

ஏன் இந்த மூலை?

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். சோழமண்டலக் கரை வடக்கிலிருந்து தெற்காக இறங்கி வந்து கோடியக்கரையில் சட்டென்று மேற்கே மடங்குகிறது. கரையோரமாகத் தெற்கே வரும் பறவைக்கு இதற்கு மேல் நேராகப் போக நிலம் இல்லை. எதிரே பாக் நீரிணை, அதைத் தாண்டினால் இலங்கை. சிறு பறவைகளில் பெரும்பாலானவை இரவில் பறப்பவை. விடியும்போது கீழே தெரியும் முதல் பச்சையில் இறங்கி, நாள் முழுக்கத் தின்று, உடம்பில் கொழுப்பு ஏற்றிக்கொண்டு மறுபடி கிளம்பும். சில இங்கேயே குளிர்காலத்தைக் கழித்துவிடும். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல பத்தாண்டுகளாக இங்கே முகாமிட்டுப் பறவைகளின் காலில் அடையாள வளையம் இட்டு வருவதற்கும் இந்த இருப்பிடமே காரணம். 1967-இல் சரணாலயமான இந்தப் பகுதி, வேதாரண்யம் பெருஞ்சதுப்பையும் சேர்த்து 2002-இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது.

எப்போது போவது

குளிர்காலம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். காட்டுப் பறவைக்கு அது மூன்று தனித்தனிப் பருவம்.

புரட்டாசிக் கடைசியிலிருந்து கார்த்திகை வரை கடந்து போகும் கூட்டம். ஆறுமணிக்குருவி, செந்தலைப் பூங்குருவி, அரசவால் ஈப்பிடிப்பான், கொடிக்கால் வாலாட்டி எல்லாம் வந்து இறங்கும் காலம். ஒரு நாள் காடு நிறைந்திருக்கும், மறுநாள் வெறிச்சென்று கிடக்கும். இந்த ஏற்ற இறக்கத்துக்கு வானிலைதான் காரணம். வாடை சீராக வீசி வானம் தெளிந்திருக்கும் இரவில் பறவைகள் நிற்காமல் போய்விடும். இரவில் மழை பெய்து விடியலில் வெறித்தால், வழியில் மாட்டிக்கொண்டவை எல்லாம் காட்டில் இருக்கும். எனவே இந்தப் பருவத்தில் பயணத் தேதியைக் காலண்டரைப் பார்த்து முடிவுசெய்யாதீர்கள், வானிலை அறிக்கையைப் பாருங்கள். ஆனால் புயல் எச்சரிக்கை இருந்தால் வீட்டிலேயே இருங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது இந்தக் காடு பட்ட பாட்டை ஊரார் இன்னும் சொல்வார்கள்.

மார்கழி, தை, மாசி நிலைத்த காலம். வந்த பறவைகள் தத்தம் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். புதியவர்களுக்கு நான் சொல்வது இந்த மூன்று மாதங்கள்தான். மழை ஓய்ந்திருக்கும், காலையில் வெயில் தணிவாக இருக்கும், நேற்றுப் பார்த்த பறவையை இன்றும் அதே புதரில் பார்க்கலாம். கற்றுக்கொள்ள அதைவிட என்ன வேண்டும்? ஒன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள்: தை அமாவாசை அன்று ஆதிசேது எனப்படும் கோடியக்கரைக் கடலில் நீராட மக்கள் திரண்டு வருவார்கள். அன்று புண்ணியம் கிடைக்கும், பறவை கிடைக்காது.

மூன்றாவது, பங்குனி, சித்திரையில் திரும்பிப் போகும் காலம். அதற்குப் பிறகு வருகிறேன்.

போய்ச் சேர்வது, அனுமதி

வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை சுமார் 10 கிலோமீட்டர். வேதாரண்யத்துக்கு நாகப்பட்டினம், திருத்துறைப்பூண்டி, தஞ்சாவூர் பக்கமிருந்து பேருந்து உண்டு. திருத்துறைப்பூண்டி – அகஸ்தியன்பள்ளி ரயில் பாதை அகலப்பாதையாகி 2023 ஏப்ரலில் மீண்டும் திறக்கப்பட்டது. வண்டிகள் குறைவு என்பதால் நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். அகஸ்தியன்பள்ளி 1930 உப்புச் சத்தியாகிரகத்தின் ஊர். நினைவுத்தூண் அங்கே இருக்கிறது, ரயிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் பார்த்துவிடலாம்.

தங்குவதற்கு வேதாரண்யத்தில் விடுதிகள் உண்டு. வனத்துறையின் ஓய்வு விடுதி கோடியக்கரையிலேயே இருக்கிறது, முன்பதிவு செய்யவேண்டும். காட்டுக்குப் பக்கத்தில் தங்க முடிந்தால் அதுவே நல்லது, விடிவதற்கு முன் பத்துக் கிலோமீட்டர் ஓடவேண்டியதில்லை.

நுழைவுக் கட்டணம், நேரம், எந்தப் பாதையில் நடக்கலாம், காவலர் துணைக்கு வரவேண்டுமா என்பதையெல்லாம் வனச்சரக அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு உள்ளே போங்கள். அனுமதி இல்லாத பாதையில் "சும்மா கொஞ்ச தூரம்" போகிற பழக்கம் வேண்டாம். கோடியக்காடு என்ற ஊரிலிருந்து கோடியக்கரை போகும் தார்ச்சாலையே காட்டை ஒட்டித்தான் போகிறது. அந்தச் சாலையோரம் ஒன்றே முதல் பயணத்துக்குப் போதும்.

பையில் என்ன இருக்கவேண்டும்

பைனாகுலர் 8×42 அல்லது 8×32 (முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது முன் கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில்). கடைக்காரர் 10×50 நல்லது என்பார். கிளைகளுக்கு நடுவே துள்ளும் சிறு பறவைக்கு அது ஒத்துவராது. பார்வைப் பரப்பு குறைவு, கை நடுக்கமும் கூடுதலாகத் தெரியும். பைனாகுலர் இல்லையென்றால் இரவல் வாங்குங்கள், முதல் பயணத்துக்குப் புதிதாக வாங்கவேண்டாம்.

கனமான அடியுள்ள மூடிய ஷூ கட்டாயம். சீமைக் கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்து ஏறும். பாம்புகளும் உண்டு. மங்கிய நிறத்தில் முழுக்கைச் சட்டை, கொசுவுக்குக் களிம்பு, தண்ணீர், சிறிய நோட்டு, பென்சில். ஐப்பசி, கார்த்திகையில் போனால் பைனாகுலரைச் சுற்ற ஒரு பிளாஸ்டிக் பை. தின்பண்டத்தைப் பைக்குள்ளேயே வைத்திருங்கள், இங்கே குரங்குகள் ஏராளம்.

கேமராவைப் பற்றி ஒரு கருத்து, ஏற்பதும் விடுவதும் உங்கள் விருப்பம். முதல் நாள் அதை அறையிலேயே வைத்துவிடுங்கள். கேமரா கையில் இருந்தால் மனம் பறவையை விட்டுவிட்டுப் படத்தைத் தேடத் தொடங்கிவிடும். படத்தை வைத்துப் பிறகு பெயர் கண்டுபிடித்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறவர் அதன் நடத்தையைப் பார்ப்பதே இல்லை. காட்டில் பெயரைச் சொல்லிக் கொடுப்பது நடத்தைதான்.

கிளம்புவதற்கு முன் வீட்டுப்பாடம்

உங்கள் ஊரிலேயே பத்துப் பறவைகளைக் குரலோடு தெரிந்துகொண்டு வாருங்கள்: தையல்சிட்டு, மாம்பழச்சிட்டு, தவிட்டுக்குருவி, செண்பகம், கரிச்சான், தேன்சிட்டு, செம்மார்புக் குக்குறுவான், கொண்டைக்குருவி, மைனா, குயில். காட்டில் கேட்கும் சத்தத்தில் பெரும்பகுதி இவர்களுடையதுதான். இவர்களோடு, புதருக்குள்ளிருந்து திடீரென்று வெடிப்பாகக் கத்திவிட்டு அடங்கும் வெண்புருவச் சின்னானையும் சேர்த்துக்கொண்டால், மிச்சம் கேட்கும் குரலெல்லாம் விருந்தாளி என்று வைத்துக்கொள்ளலாம். குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் மெர்லின் செயலியைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அது சொல்வதைத் துப்பாக எடுத்துக்கொண்டு பறவையைத் தேடுங்கள், கண்ணால் பார்க்காமல் பட்டியலில் ஏற்றாதீர்கள்.

முதல் மாலை

பகலில் வந்து சேர்ந்தால் மாலை ஐந்தரைக்குக் காட்டோரம் ஓரிடத்தில் போய் நில்லுங்கள். நடக்கவேண்டாம். வெளிச்சம் மங்கும்போது புதருக்குள்ளிருந்து இரண்டு அசையில் தெளிவான ஒரு சீழ்க்கை கேட்கலாம், சற்றுத் தள்ளி இன்னொன்று அதற்குப் பதில் சொல்லும். அது ஆறுமணிக்குருவி. காலையிலும் மாலையிலும் ஆறு மணியை ஒட்டிக் குரல் கொடுப்பதால் வந்த பெயர். வட இந்தியாவில், இமயமலை அடிவாரம் வரைக்கும் இனப்பெருக்கம் செய்துவிட்டுக் குளிர்காலத்துக்குத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருகிறது. குரல் வந்த திசையை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், உள்ளே நுழைந்து தேடாதீர்கள். குளிர்காலத்தில் அது தன் இடத்தை விட்டு அதிகம் நகராது. காலையில் அதே இடத்தில், தரையில், சருகைப் புரட்டிக்கொண்டிருக்கும்போது பார்க்க வாய்ப்பு அதிகம்.

இருட்டிய பிறகு சாலையோரம் பக்கிகள் (இரவில் பூச்சி பிடிக்கும் பறவைகள்) வந்து உட்காரும். கோடியக்காட்டில் உள்ள குழகர் கோயிலைப் பாடிய சுந்தரர், பொந்துகளில் ஆந்தையும் கூகையும் குழறும் காட்டில் இப்படித் தனியே இருக்கிறாயே என்று சிவனைக் கேட்கிறார். அந்தக் கூகைக்கு இன்று டார்ச் அடித்துத் தொல்லை கொடுக்கவேண்டாம். விடுதிக்குத் திரும்பித் தூங்குங்கள்.

விடியற்காலை: காட்டோரம் நிற்பது

வெயில் ஏறுவதற்கு முன் போய்விடுங்கள். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி, காட்டின் கிழக்கு விளிம்பில் அல்லது சாலையின் ஒரு திறப்பில் நில்லுங்கள். முதல் வெயில் எந்த மர உச்சியில் விழுகிறதோ அங்கேதான் பூச்சி முதலில் அசையும், பூச்சி இருக்கும் இடத்துக்குக் கதிர்க்குருவியும் ஈப்பிடிப்பானும் வரும். புதியவர்கள் செய்வது இதற்கு நேர்மாறு: நடந்துகொண்டே இருப்பார்கள், பறவைகள் அவர்களுக்கு முன்னால் நகர்ந்துகொண்டே இருக்கும். ஓரிடத்தில் இருபது நிமிடம், பிறகு ஐம்பதடி நகர்ந்து இன்னொரு இருபது நிமிடம். இதுதான் கணக்கு.

இலை அசைந்தால் அதிலிருந்து கண்ணை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டு வாருங்கள். குனிந்து பைனாகுலரைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் பறவை போயிருக்கும். வீட்டு மொட்டை மாடியில் காக்கையை வைத்துப் பழகிக்கொண்டால் இரண்டு நாளில் வந்துவிடும்.

இனி, தலையைப் பிய்த்துக்கொள்ள வைக்கும் பழுப்பும் பச்சையுமான சின்னஞ்சிறு பறவைகள். நிறத்தை நம்பாதீர்கள், எந்த உயரத்தில் என்ன செய்கிறது என்று பாருங்கள்.

மேல் இலைகளுக்குள் ஒரு நொடி கூட ஓயாமல் ஊர்ந்து, இறக்கையைச் சொடுக்கி, பச்சை கலந்த மேனியும் கண்ணுக்கு மேல் வெளிறிய புருவமுமாக இருந்தால் அது இலைக்கதிர்க்குருவி வகை. குரல் இரண்டசையில் சன்னமாக வரும். எந்த இலைக்கதிர்க்குருவி என்ற சண்டைக்கு இப்போதே போகவேண்டாம், பழகியவர்களே அதில் அடித்துக்கொள்வார்கள்.

இடுப்புயரப் புதருக்குள் மறைந்தபடி, நாக்கைச் சொடுக்குவது போல "டக்… டக்" என்று விட்டு விட்டுச் சத்தம் வந்தால் ப்ளைத் நாணல் கதிர்க்குருவி. நாணலே இல்லாத இடத்தில் ஏன் நாணல் கதிர்க்குருவி என்று குழம்பவேண்டாம். குளிர்காலத்தில் அதற்கு எந்தப் புதரும் சரி. கிழக்கு ஐரோப்பாவிலும் நடு ஆசியாவிலும் கோடையைக் கழித்துவிட்டு வந்திருப்பது அது. தென்படுவது அரிது, கேட்பது எளிது. இந்த "டக்"கைக் காதுக்குப் பழக்கிவிட்டால் குளிர்காலத்தில் உங்கள் ஊர்த் தோட்டத்திலும் அது இருப்பது தெரியவரும்.

நிழலான ஒரு கிளையில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு பூச்சியைப் பாய்ந்து பிடித்துவிட்டு, அதே கிளைக்கோ பக்கத்துக் கிளைக்கோ திரும்பி வந்தால் ஈப்பிடிப்பான். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையத்தோடு பெரிய கண்ணாகத் தெரிந்தால் பழுப்பு ஈப்பிடிப்பான். இதைத்தான் புதியவர்கள் நன்றாகப் பார்க்க முடியும், காத்திருந்தால் திரும்பி வரும்.

புதரின் உச்சியில் வெட்டவெளியில் உட்கார்ந்து, கண்ணின் குறுக்கே கறுப்புப் பட்டையோடு, வாலை மெல்ல ஆட்டிக்கொண்டு கரகரவென்று திட்டினால் பழுப்புக் கீச்சான். வடகிழக்கு ஆசியாவிலிருந்து வந்து ஒரு புதரைப் பிடித்துக்கொண்டால் போகும்வரை அது அதன் சொத்து. அந்தப் புதரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த குளிர்காலத்திலும் போய்ப் பாருங்கள்.

அரசவால் ஈப்பிடிப்பானை யாரும் தவறவிட மாட்டார்கள். வெள்ளைவால் ஆண் ஒன்றைத்தான் எல்லோரும் தேடுகிறார்கள், ஆனால் இளைய ஆண்கள் நீண்ட வாலோடு செம்பழுப்பாக இருக்கும், பெண்ணுக்கு வால் குட்டை. கறுத்த தலை, குட்டிக் கொண்டை, செம்பழுப்பு முதுகு, நீள வால் இல்லை என்றாலும் அதுவே.

மேலே பார்த்துக்கொண்டே இருந்து தரையை மறந்துவிடாதீர்கள். நிழல் விழுந்த சருகுப் பாதையில் மார்பில் இரட்டைக் கறுப்புப் பட்டையோடு ஒரு வாலாட்டி நடந்து, உடம்பைப் பக்கவாட்டில் ஆட்டினால் அது கொடிக்கால் வாலாட்டி. மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்டும், இது ஒன்றுதான் இடவலமாக.

உகாய், ஆல், அத்தி எது பழுத்திருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பழுத்த மரத்தடியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் மாங்குயில், குயில், சூறைக்குருவிக் கூட்டம் எல்லாம் உங்களைத் தேடி வரும். மரம், பழம் பற்றி ஆடு மேய்ப்பவர்களுக்கும் வனத்துறைக் காவலர்களுக்கும் தெரிந்த அளவு எந்தக் கையேட்டிலும் இருக்காது. "அண்ணே, எந்த மரத்துல குருவி விழுது?" என்று கேட்டுப் பாருங்கள்.

ஒன்பதரைக்கு மேல் காடு அடங்கிவிடும். அப்போது வானத்தைப் பாருங்கள். வல்லூறு வட்டமிடும், நீலவால் பஞ்சுருட்டான்களும் தகைவிலான்களும் சுற்றும். புல்வெளிப் பக்கம் வெளிமான்களும் மட்டக்குதிரைகளும் மேயும். குதிரைகள் சாதுவாகத் தெரிந்தாலும் கிட்டே போகவேண்டாம்.

பகல் உணவுக்குப் பின், சதுப்பு

சதுப்புக்கு மாலை வெயில்தான் சரி. முனியப்பன் ஏரிப் பக்கமும் பம்ப் ஹவுஸ் சாலையிலும் எதுவரை போகலாம் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். கார்த்திகையில் தண்ணீர் ஏறியிருக்கும், கால் குட்டையான உள்ளான்களுக்கு அது ஆகாது. தை, மாசியில் தண்ணீர் வற்றிச் சேறு தெரியும்போது கொசு உள்ளான், உப்புக்கொத்தி, கோட்டான் (ஆந்தை இல்லை, வளைந்த நீள மூக்குள்ள கரைப்பறவை), ஆலா, ஊசிவால் வாத்து எல்லாம் எட்டும் தூரத்துக்கு வரும். பூநாரையும் அப்போதுதான் ஒழுங்காகத் தெரியும். முக்காலி வைத்த ஸ்கோப் யாரிடமாவது இருந்தால் கூச்சப்படாமல் ஒரு பார்வை கேளுங்கள், யாரும் மறுத்துப் பார்த்ததில்லை. கூட்டத்தைக் கிளப்பிப் பறக்கவிட்டுப் படம் எடுப்பவர்களோடு சேராதீர்கள். அடுத்த பயணத்துக்குச் சேர்த்து வைத்த தீனியை அந்தப் பறவை வீணாகச் செலவழிக்கிறது.

இதே விதி காட்டுக்கும் பொருந்தும். பதிவுசெய்த குரலைப் போட்டுப் பறவையை வரவழைக்காதீர்கள். சரணாலயத்துக்குள் டிரோன் கூடாது. களைத்து இறங்கிய பறவை கைக்கெட்டும் தூரத்தில் அசையாமல் இருந்தால் பழகிய பறவை என்று நினைத்து நெருங்காமல், பின்னால் நகருங்கள். வலையோ கண்ணியோ கண்டால் தொடாமல், இடத்தைக் குறித்து வனத்துறையிடம் சொல்லுங்கள்.

ஊர்க்காரர்களோடு பேசுங்கள். ஐப்பசியிலிருந்து பங்குனி வரை வெளியூர் மீனவர்கள் கோடியக்கரையில் வந்து தங்கித் தொழில் செய்கிறார்கள். பறவைக்கும் அவர்களுக்கும் ஒரே சீசன். இன்று வாடையா, கொண்டலா, நாளை எப்படி மாறும் என்று அவர்களிடம் கேட்டால் காட்டுக்குப் போவதா சதுப்புக்குப் போவதா என்று முடிவுசெய்துவிடலாம்.

எழுதி வையுங்கள்

தேதி, நேரம், இடம், காற்று, மழை, பறவை, எண்ணிக்கை, என்ன செய்துகொண்டிருந்தது. பெயர் தெரியாததை விவரித்து எழுதுங்கள். அன்றிரவே பறவைப் பதிவுகளைச் சேர்த்துவைக்கும் இபேர்ட் (eBird) இணையதளத்தில் பட்டியலை ஏற்றுங்கள். பொங்கல் விடுமுறையில் போகிறவர்கள் அந்த நாட்களில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பிலும் சேர்ந்துகொள்ளலாம். காலில் உலோக வளையமோ, எழுத்துள்ள வண்ணப் பட்டையோ தெரிந்தால் எந்தக் காலில், என்ன நிறம், என்ன எழுத்து என்று குறித்துக்கொண்டு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு எழுதுங்கள். இங்கே மட்டும் கேமரா உண்மையில் உதவும்.

கடைசியாக, பங்குனி. வெயில் ஏறிவிடும், வெளியூர்க் கூட்டம் குறைந்துவிடும், ஆனால் போகிற பறவைகள் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போகும். மங்கலாகத் திரிந்த சூறைக்குருவிகள் இளஞ்சிவப்பும் கறுப்புமாகப் பளிச்சிடும். குளிர்காலம் முழுக்க "டக்" மட்டுமே சொன்ன நாணல் கதிர்க்குருவி கிளம்புவதற்கு முன் புதருக்குள் பாடத் தொடங்கும். தை மாதத்தில் ஒருமுறை போய் வந்தவர்கள் இரண்டாம் பயணத்தை இந்த மாதத்தில் வைத்துக்கொள்ளலாம். தண்ணீரை மட்டும் இரண்டு மடங்காக எடுத்துப் போங்கள். காட்டுச் சாலையில் நிழல் உண்டு, கடை கிடையாது.